அந்த வீட்டுக் கஞ்சி

கொரோனா ஊரடங்கில் தறி வேலைக்குக் காலை நேரத்தில் மட்டும் தடையில்லை என்று சொன்ன வாரத்தில்தான் நான் மேஸ்திரி ஆனேன். என் திறமையைப் பார்த்து யாரும் ஆக்கவில்லை. எங்கள் மேஸ்திரி ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்னால் தாமலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். போனில் கூப்பிட்டு, "கயித்த நீ புடிச்சிக்கோபா" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் வேலை தெருப்பாவு. ஒரு பட்டுப் புடவையில் நீளவாட்டில் ஓடும் இழைகள் மொத்தமும்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். கஞ்சி குறைந்தால் தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும். கூடினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எட்டுப் பேர் இல்லாமல் ஆகாது. ஒரு முனையில் கயிற்றைப் பிடித்து இழுவையைப் பார்த்துக்கொள்பவர் மேஸ்திரி.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவனுடைய முகத்தைத்தான் தினமும் காலையில் ஏழு பேர் பார்த்தார்கள். டிவியில் தார்ச்சாலையில் மூட்டையோடு நடந்து ஊருக்குப் போகிறவர்களைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நீவுகிற கைகள் நின்றுவிடும். உடனே ஏழு பேரும் என் பக்கம் திரும்புவார்கள். "ஒண்ணியும் ஆவாது, வேலையப் பாருங்க" என்பேன். முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே உதடு நடுங்குவது யாருக்கும் தெரியாது.

எங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தருவது முசரவாக்கத்திலிருந்து மொபெட்டில் வரும் ஒரு அம்மா. காலனியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதால் அன்று மட்டும் வராது. எட்டுப் பேரில் அதுவும் ஒன்று. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவதில் அந்தம்மா கைக்கு ஈடு கிடையாது. தன் தூக்குவாளியில் இருக்கும் கஞ்சியைத் தெருமுனை டீக்கடையிலேயே மேஸ்திரியின் பித்தளைக் குடத்தில் ஊற்றிவிடும். மேஸ்திரிதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வருவார். பதினோரு வருஷமாக அப்படித்தான். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

நான் மேஸ்திரியான முதல் நாள் குடம் மேஸ்திரியோடு தாமலில் இருந்தது. "நேரா உள்ள எடுத்தாந்துடும்மா" என்றேன். அந்தம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தது. பிறகு வாளியோடு தெருவுக்குள் நடந்தது.

பாவு இழுத்துக் கட்டும் கல் மூலை வீட்டு வாசலில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் நாலு தறி வைத்திருப்பவர், தெருவுக்குப் பெரியவர். வாளியைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

அடுத்த வாரமே அந்தம்மாவின் காலனியில் ஒருவருக்குத் தொற்று என்று தகரம் வைத்து வழியை அடைத்தார்கள். பதினாலு நாள். அதுவரை என் மனைவி கஞ்சி காய்ச்சினாள், கயிறு முறுக்கும் ஒருவர் கை கொடுத்தார். தகரத்தை எடுத்த அன்று அந்தம்மா போன் செய்தது. "எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு வரட்டாண்ணா?"

வா என்றேன். அதை மூலை வீட்டுக்காரரிடமும் சொல்லிவைத்துவிடலாம் என்று போனதுதான் தப்பு.

"அந்த வீட்டுக் கஞ்சி இந்தத் தெருவுக்கு வேணாம்பா" என்றார்.

"தகரம் எடுத்துட்டாங்களேங்க."

"எடுத்தா? காத்துல இருக்குதா, கையில இருக்குதான்னு டாக்டருக்கே தெரியல. நம்ம பாவு கல்யாணப் புடவைக்குப் போவுது. கட்டிக்கினு கோயிலுக்குள்ள போவாங்க. இத்தினி நாளா மேஸ்திரி வீட்டுக் கஞ்சின்னு நெனச்சிக்கினு இருந்தோம். இப்பதான தெரியுது."

நோயில் ஆரம்பித்துக் கோயிலில் முடித்தார். நடுவில் எந்த இடத்தில் திரும்பினார் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாதவன் மாதிரி நின்றேன். பித்தளைக் குடம் எதற்கு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"ரெண்டு நாள் பொறுமா" என்று அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். நேரில் போய்ச் சொல்ல தைரியம் வரவில்லை. "சரிண்ணா" என்றது. காரணம் கேட்கவில்லை.

இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. அந்தம்மா இல்லாததால் பாவு கெட்டுப்போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போய்க் கூப்பிட ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஆனால் பாவு கெடவில்லை. கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான். தறிக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. பதினோரு வருஷம் வேலை செய்த ஆளை எடுத்துவிட்டால் ஒன்றுமே ஆவதில்லை என்பதுதான் எனக்கு நோயைவிடப் பயமாக இருந்தது. நாளைக்கு என்னை எடுத்தாலும் இப்படித்தான் வெயில் வருவதற்குள் பாவு காய்ந்துவிடும்.

ஒரு நாள் காலை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது டீக்கடைப் பக்கம் அந்தம்மாவைப் பார்த்தேன். கடை மூடியிருந்தது. கையில் வாளி. தெருவுக்குள் வராமல் நாங்கள் நீவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கயிற்றை விட்டுவிட்டுப் போக முடியாது. பாவைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தால் ஆள் இல்லை.

எங்களில் நெட்டையாக ஒருவன் உண்டு. சாவு வீட்டிலும் சிரிக்க வைக்கிறவன். அவன் சொன்னான். "இதுக்குப் போய் ஏம்பா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? ஒரு கொடம் வாங்கு. பழையபடி மாத்தி ஊத்திக்கினு வா. அவருக்கு இன்னா, மோப்பமா தெரியப் போவுது?"

எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனேன். காலனி முனையில் அந்தத் தகரம் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. அதைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். அதை அந்தம்மா வாசலிலிருந்து பார்த்துவிட்டது.

குட விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்தம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டது.

"அந்த மேஸ்திரி மொத நாளே சொன்னாருண்ணா. பித்தளையில இருந்தாதான் கஞ்சி கெடாதுன்னு. நானும் நம்பிக்கினு இருந்தேன்." அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தது. "நம்புற மாதிரி இருந்தேன்."

அந்தம்மா முறத்தைக் கீழே வைத்தது.

"நீ நேரா எடுத்துக்கினு வான்னு சொன்னியே, அந்த ஒரு வாரந்தான் நான் அந்தத் தெருவுல வாளியோட நடந்தேன். இனிமே மாத்தி ஊத்த மாட்டேண்ணா. வேணும்னா வேணும்னு சொல்லு. வேணாம்னா இந்த வாளிய தண்ணி மொள்ள வச்சிக்கிறேன். நூறு நாள் ஏரி வேலைக்குப் பேர் எழுதறாங்க, திங்கக்கிழமை கடைசி நாளு."

அன்று சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூலை வீட்டு கேட் அருகில் போய் நின்றேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் வெளியே வந்ததும் எல்லாம் போய்விட்டது.

"நாளையிலேர்ந்து அந்தம்மா வருதுங்க" என்றேன். "வாளியோட."

அவர் கோபப்படவில்லை. "அப்ப வேற தெரு பாத்துக்கப்பா" என்றார்.

"சரிங்க" என்றேன்.

பெரியவர்கள் எது சொன்னாலும் சரிங்க என்று சொல்லியே பழகிய வாய். பாதி தூரம் வந்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்பது உறைத்தது. எட்டுக் குடும்பத்தின் தெருவைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வேகவதிப் பாலத்துப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தம்மாவிடம் இடம் கேட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போனில் சொன்னேன். "காலனி சர்ச்சுக்குப் பக்கத்துல நீளமா ஒரு வழி இருக்குது. ரெண்டு பக்கமும் வேப்பமரம். காலையில அங்க பாவு."

"நோய் வந்த எடத்துக்கா?" என்றான் நெட்டையன். முதல்தடவையாக அவன் சிரிக்காமல் பேசினான்.

"ஒண்ணியும் ஆவாது" என்றேன். போனில் முகக்கவசம் இல்லை. குரல் நடுங்கியது அவனுக்குக் கேட்டிருக்கும்.

"நீயே பயந்துக்கினு கீறியேபா."

"ஆமா. இருந்தாலும் வா."

சின்னத் தறிக்காரர் ஒருவர்தான் தன் பாவை நம்பிக் கொடுத்தார். விடிவதற்கு முன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா வாளியோடு நின்றது. பிறகு ஒருவர் வந்தார். இன்னும் இரண்டு பேர். கடைசியில் நெட்டையன், மூக்கு மேல் இரண்டு கவசம் போட்டுக்கொண்டு. ஆறு பேர். மற்ற இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை.

காலனி ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பிள்ளையை உள்ளே தள்ளினாள். "டவுன்லேர்ந்து வந்துக்கீறாங்க. கிட்ட போவாத" என்றாள். அவர்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று நான் நினைத்திருக்கவேயில்லை. கயிறு கட்ட வாகான ஒரே இடம் ஒரு கிழவருடைய கேட்டுக் கம்பம். அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லியே?"

"எங்க ஆளுங்கதாம்பா" என்றது அந்தம்மா. "நான் சொல்றேன் இல்ல."

கிழவர் யோசித்தார். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. அவர் வேண்டாம் என்றால் எனக்குப் போக வேறு தெரு இல்லை. கடைசியில் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கட்டிக்கோ. மூஞ்சித் துணிய மட்டும் அவுக்காதீங்க."

இரண்டு பெண்களை அந்தம்மா கைகாட்டிக் கூப்பிட்டது. பட்டு இழையைத் தொட்டே பார்த்திராதவர்கள். எங்கே நிற்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெலுங்குப் படம் பார்க்கிற மாதிரி விழித்தவர்களுக்கு நெட்டையன் நாலடி தள்ளி நின்று ஆடிக் காட்டினான். அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பாவை இழுத்தோம். அந்தம்மா வாளியைத் திறந்து, கஞ்சியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தெளிக்க ஆரம்பித்தது. கம்பத்து முனையிலிருந்து என் பக்கமாக ஈரம் வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தது.

"பாவு ஆடுதே. யாருண்ணா ஆட்டறது?"

மரத்தில் காற்று இல்லை. எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

"நான்தாம்மா" என்றேன்.

"கயித்த இடுப்புல ஒரு சுத்து சுத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா தெளித்துக்கொண்டே வந்தது.