தேவி சொன்ன ஜப்பான் கதை

பகல் பதினோரு மணிக்கே இருட்டாக்கிய ஹால்... ஜன்னலில் போர்வை, மேலே கடகடவென்று ஃபேன், உள்ளறையில் அப்பாவின் குறட்டை.

மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் மனிதரை எழுப்புவது எங்கள் பிளாக்கில் கொலைக்குற்றம்! அதனால் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமை டி.வி. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடுவோம். நானும் பக்கத்து குவார்ட்டர்ஸ் தேவியும்.

திரையில் வந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. ஒரு மண்ணும் புரியாது.

அதனாலென்ன? தேவிதான் கிசுகிசு குரலில் எல்லோருக்கும் வசனம் பேசுவாளே! வாள் வைத்திருந்த வெள்ளைமுடிக்காரன் குமரேசன். வில் ஏந்திய பெண் வசந்தா. சுத்தியலோடு வரும் குண்டு ஆள் பெரியப்பா. முகமூடி ராஜா... மைன்ஸ் காண்ட்ராக்டர். அவன் ஆட்கள் பூமிக்கடியில் எதையோ தோண்டிக்கொண்டே இருந்தார்களே, வேறு யாராக இருக்க முடியும்?

ஒருநாள் வசந்தா அவன்மேல் அம்பு விட்டாள். தேவி தன்னை மறந்து கத்திவிட்டாள்.

"வேலையைப் பெர்மனெண்ட் பண்றேன், பண்றேன்னு ஏமாத்திகினே இருக்கியே, நீ நல்லா இருப்பியா?"

உள்ளேயிருந்து அப்பா, "யாருக்குடி பெர்மனெண்ட்?" என்றார் தூக்கக் கலக்கத்தில். செத்தோம் என்று நினைத்தேன். நல்லவேளை, புரண்டு படுத்துவிட்டார்.

அந்த வருஷம் தேவியின் அப்பாவுக்கு ரிட்டையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் எப்படியாவது கதையை முடித்துவிடத் துடித்தோம். கடைசிக் கோட்டை வாசல்வரை போய்விட்டோம்... அதற்குள் சாமான் ஏற்ற லாரி வந்துவிட்டது.

"முடிவு என்னான்னு சொல்லிட்டுப் போடி!" என்று லாரி பின்னாலேயே ஓடினேன்.

"வசந்தா ஜெயிச்சிட்டா! எல்லாருக்கும் பெர்மனெண்ட் ஆயிடுச்சி. போதுமா?" அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அவள் இல்லாமல் அதற்கப்புறம் நான் அதை ஆடவே இல்லை.

போன வாரம் என் மகள் அதே கேமைப் புதிதாக இறக்கினாள். இப்போது இங்கிலீஷ் எழுத்து, அறை அதிரும் சத்தம். எல்லாம் புரிந்தது... முகமூடி ராஜா குமரேசனின் சொந்த அண்ணனாம். அவனைத் தடுக்கப் போய் வசந்தா உயிரை விடுகிறாள். பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்து அழுதேன்.

திருவதிகையில் இருக்கும் தேவிக்கு உடனே போன் போட்டேன்.

"வசந்தா செத்துட்டாடி..."

"ஐயோ! எந்த வசந்தா?"

சொன்னேன்.

"அடிப்போடி! அவங்க ஊர்ல சாவடிச்சா நாம என்னா பண்றது? நம்ம வசந்தா வூட்ல பேரனைத் தூக்கி வெச்சிகினு நல்லாதான் இருக்கா."