இரண்டு நொடிப் படங்கள்

ஊசியையும் கத்தரியையும் தவிர வேறெந்தக் கருவியோடும் பழகாத தையற்காரர், அறுபத்தாறாம் வயதில் ஒரு டிஜிட்டல் கேமராவோடு மல்லுக்கு நின்றார். விடுப்புக் கிடைக்காமல் வெளிநாட்டில் தவித்த மகள் அதை அனுப்பியிருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவின் முகத்தை, சிரிக்கிற வேளையாகப் பார்த்து எடுத்து வைக்கும்படி கேட்டிருந்தாள்.

மனைவி தலையணையில் சாய்ந்தபடி விளக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பாகங்களைச் சொல்வாள். அவர் தடவித் தேடுவார். மேலிருந்த பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா குறி பார்க்கும், முழுவதும் அழுத்தினால் படம் பிடிக்கும் என்பது நான்கு நாளில் பிடிபட்டது. பளிச்சென்று வந்து அடங்குவதால் ஃப்ளாஷுக்கு அவளுடைய கோபம் என்று பெயரிட்டார். பேட்டரி வரை வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. மீதிப் பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

“முப்பது வருஷமா தலை நிமிராம தச்சீங்க. இப்பத்தான் என் மூஞ்சி தெரியுதா?”

“அசையாம இரு. கலங்கிடும்.”

ஒவ்வொரு படமும் திரையில் இரண்டு நொடி தோன்றி மறைந்தது. மூலையில் சிவப்பு அடையாளம் ஒன்று மினுங்கியது. படம் உள்ளே போய்ச் சேருவதாக அவர் எண்ணிக்கொண்டார். அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, படங்களை அச்சிட்டு வாங்க ஸ்டூடியோவுக்குப் போனார். கடைக்காரர் அடிப்பக்க மூடியைத் திறந்து, பேட்டரிக்கு அருகிலிருந்த மெல்லிய இடுக்கைக் காட்டினார்.

“ஐயா, இதுல கார்டே போடலியே.”

“எல்லாம் திரையில வந்துச்சே, தம்பி. நானே பாத்தேன்.”

படங்களைச் சேமித்து வைக்கும் கார்டைத் தனியாக வாங்கிப் போட வேண்டும் என்றும், இல்லையென்றால் படம் முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும் என்றும், சிவப்பு அடையாளம் அதைத்தான் எச்சரித்தது என்றும் கடைக்காரர் தணிந்த குரலில் சொன்னார்.

மாலையில் மகள் அழைத்தாள்.

“எடுத்தேன்மா. எங்க வைக்கணும்னு தெரியாமலே எடுத்துட்டேன்.”

நடந்ததைச் சொல்லி முடித்தார். பார்த்ததையாவது ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று மகள் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் படத்தில் மனைவி எரிச்சலோடு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். இரண்டாவதில் தலைமுடியை ஒதுக்கினாள். ஏழாவதில் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

நாற்பதுக்கும் மேலாக எடுத்திருந்தார். ஏழுக்குப் பிறகு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மறுமுனையில் மகள் காத்திருந்தாள்.