வாயைத் திறக்கும் முன் பெயர்

செங்கல்பட்டில் ஒரு நர்ஸிங் பள்ளி விடுதியில் பதினோரு வருஷம் ஆயாவாக இருந்தேன். பெருக்கித் துடைக்கச் சம்பளம் உண்டு, பரீட்சை நேரத்தில் பெண்கள் செய்து பழக நோயாளியாகப் படுக்க ஒன்றும் கிடையாது. நான் எட்டாவதோடு நின்றவள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சைக்கும் தேங்காய் உடைக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

விரிப்பு

ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்ற வேண்டும், சுருக்கம் இருக்கக் கூடாது. இரண்டு பெண்கள் என்னை ஒரு பக்கமாக உருட்டினார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள். கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டு, "அடியே, விழுந்துடுவேன்டி" என்று கத்தினேன். ஒருத்தி புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "கொஞ்சம் இரு அக்கா, அடுத்த பக்கத்துலதான் உன்னைத் திருப்பணும்னு போட்டுகீது!"

நாடி

வாயில் தெர்மாமீட்டர் இருந்தால் புலம்பக்கூட முடியாது. என் மணிக்கட்டைப் பிடித்த பெண் எண்ணி முடித்ததும் பயந்துபோனாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்: "அக்கா அடுப்புல பால் வெச்சிட்டு வந்துகீதுடி, அதான் இப்டி ஓடுது!"

முதல் சரி

சுமதி கொக்கிலமேட்டுக் கடற்கரைப் பெண். செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். மறுபடி தோற்றால் படிப்பை நிறுத்தி மாமனுக்குக் கட்டி வைப்பதாக அவள் அப்பா சொல்லிவிட்டார். மருந்து கொடுக்கும் முன் ஐந்து சரி பார்க்க வேண்டும்: ஆள், மருந்து, அளவு, நேரம், வழி. மாத்திரைக்குப் பதில் புதினா மிட்டாயை நீட்டுவாள். மற்ற நான்கு சரியும் ஒப்பிப்பாள். நோயாளியின் பெயரை மட்டும் கேட்கமாட்டாள். திட்டினால், "கன்னியம்மா அக்கா, உன்னை எனக்குத் தெரியாதா? தெனிக்கும் பாக்கிற மூஞ்சி!" என்பாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அவளைக் கெடுத்ததே என் மூஞ்சிதானே? அன்றிலிருந்து ஒருநாள் லட்சுமி, ஒருநாள் பாத்திமா, ஒருநாள் ரோஸி ஆனேன். பெயரைக் கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டேன். அவள் அழுதேவிட்டாள்: "மிட்டாய் துன்ன இன்னா பேஜாருக்கா உன்னோட!"

வார்டு

தேர்வன்று வார்டு வாசலில் துடைப்பத்தோடு நின்றேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். சுமதி வியர்த்து வழிய வந்தாள். "கேட்டியாடி?" என்றேன். "கேட்டேன்க்கா. அந்தம்மாவுக்குக் காது கேக்கல. மூணு தபா கத்தினேன், வார்டே அதது பேரைச் சொல்லிடுச்சு!"

என் கட்டில்

தேறினாள், வேலைக்கும் போனாள். பல வருஷம் கழித்துக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் போனது. விடுதி மாடியில் வரிசையாய்க் காய்ந்த வெள்ளை உடுப்புகள் நினைவுக்கு வந்தன. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் சுமதி! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கண்ணும்தான். ஆனாலும் நிமிர்ந்து நின்று, "உங்க பேரு என்னம்மா?" என்றாள். பழக்க தோஷம், "லட்சுமி" என்றேன். அவள் சீட்டில் கன்னியம்மா என்றிருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்: "அப்போ இந்த மாத்திரை உனக்கில்லக்கா, வாயை மூடு!"

பதினோரு வருஷம் அவர்கள் பரீட்சைக்காகப் படுத்துக் கிடந்தவள், எனக்கென்று வந்த ஒரே பரீட்சையில் முதல் கேள்வியிலேயே தோற்றேன்.