தங்கசாமி பேர் வெட்டிய வெந்நீர்த் தவலை

உண்ணாமலையை ஊரில் பொறுமைசாலி என்பார்கள். பொறுமையாம் பொறுமை! ஓமலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, கோழி கூப்பிட எழுந்து, பருத்திமாரை அடுப்பில் வைத்து எரித்து, மாமியார், புருஷன், கொழுந்தன் என்று அத்தனை பேருக்கும் வெந்நீர் காய்ச்சி விளாவி வைத்தவள் அவள். அவர்கள் சுகமாகக் குளித்துவிட்டுப் போவார்கள். மிச்சமிருந்தால் இவளுக்கு.

அந்தச் செப்புத் தவலை அவளுடைய அப்பா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. வழக்கப்படி கழுத்தில் ‘தங்கசாமி’ என்று அவர் பேரை வெட்டிக் கொடுத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற பொடக்காலியில், மண் அடுப்பு கட்டி அதைப் பதித்திருந்தார்கள்.

உலகச் சண்டை நடந்த காலத்தில் தவலை ஒழுக ஆரம்பித்தது. பாத்திரம் அடைக்கிற கரீம் பாஷா வந்து தட்டிப் பார்த்தார்.

“இனி ஒட்டு நிக்காதும்மா. அடி பூரா அரிச்சுப் போச்சு. புதுசுதான் வாங்கணும். செம்பு கெடைக்கிற காலமா இது?”

மாமியார் செல்லியம்மாள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“உங்கொப்பன் பேருதான அதுல வெட்டியிருக்குது? ஓட்டையும் உங்கொப்பன் ஊட்டு ஓட்டைதான். போயி உந் தம்பிகிட்டப் புதுத் தவலை வாங்கியா. இல்லீனா அங்கயே இருந்துக்க.”

எப்படி இருக்கிறது நியாயம்? குளித்ததெல்லாம் இவர்கள், ஓட்டை மட்டும் செத்துப்போன மனுஷனுடையதா? புருஷன் கருப்பண்ணன் பக்கத்தில்தான் நின்றான். வாயில் என்ன கொழுக்கட்டையா?

தம்பி பச்சமுத்து இருந்தது ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில். மழை பொய்த்து, கடலைக்காய் காட்டிலேயே கருகிய வருஷம். அக்கா வந்த காரியத்தைக் கேட்டான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு பொடக்காலிக்குப் போனான். தன் வீட்டு அடுப்பை இடித்துத் தவலையைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

உள்ளே அவன் பெண்டாட்டி பச்சை உடம்புக்காரி. குழந்தைக்குத் தொப்புள்கூட ஆறவில்லை.

“அட பாவி, புள்ளைக்கு எதுலடா தண்ணி காச்சுவ?”

“மண்சட்டில காச்சிக்கறேன்க்கா. நீ அந்த ஊட்ல தலை நிமுந்து நிக்கோணும்.”

கடப்பாரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உண்ணாமலை ஓவென்று அழுதாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இத்தனை வருஷம் எங்கே போயிருந்ததோ, எனக்குத் தெரியாது. இடிந்த அடுப்பைத் தன் கையாலேயே மண் குழைத்துப் பூசிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வெறுங்கையோடு திரும்பியவள் யாரிடமும் கேட்கவில்லை. பொடக்காலி அடுப்பை இடித்துத் தவலையை எடுத்தாள். கரீம் பாஷாவிடம் கொடுத்து, அரித்துப்போன அடியை வெட்டி எறிந்துவிட்டு, மீதி நல்ல தகட்டில் சின்னதாக ஒரு தவலை அடித்துத் தரச் சொன்னாள். அவளும் அவள் பெற்ற பிள்ளைகளும் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் பிடித்தது அது.

அது மார்கழி மாசம். செல்லியம்மாள் நடுங்கிக்கொண்டு பொடக்காலிக்கு வந்தாள். பிள்ளைகள் ஆவி பறக்கக் குளித்து முடித்திருந்தார்கள். தவலை காலி.

“எனக்குத் தண்ணி எங்க புள்ள?”

உண்ணாமலை தலையைத் துவட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்குங்களா அத்தை? உங்க பொறந்த ஊட்டுக்கு ஆள் அனுப்பட்டுமாங்க?”