தானாகப் பாடிய கோயில்

எங்கள் ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கி ஒருநாள் தானாகவே பாடத் தொடங்கியது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் எதையும் எந்த நேரத்துக்கும் ஒழுங்குசெய்து வைக்கிறவர்களுக்கு இது ஒரு புதினமா? எனக்கோ செங்கடல் பிளந்ததை நேரில் கண்ட மாதிரி இருந்தது.

விடத்தல்தீவுக்கு அருகே கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. மாதா கோயிலின் மணி வெடித்துப்போன பிறகு, ஊருக்கு மின்சாரம் வந்திருந்த துணிவில் சனங்கள் ஒரு சவுண்ட் செட் வாங்கி வைத்தார்கள். விடிய ஐந்து மணிக்கு அதில் மாதா பாட்டுப் போட்டு ஊரை எழுப்புவது மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருக்கு அது சம்பள வேலையல்ல, நேர்த்திக்கடன். சிறுவயதில் அவரைப் பாம்பு கடித்தபோது, தாயில்லாத அந்தத் தம்பியின் வாயில் விஷம் முறிக்கும் என்று எல்லோரும் நம்பும் மடுக்கோயில் மண்ணைக் கரைத்து ஊற்றிக்கொண்டே அம்மா மாதாவிடம் பேரம் பேசியிருக்கிறார். இவன் பிழைத்தால், உயிருள்ளவரை உன் கோயிலில் விடியல் மணியை இவனே அடிப்பான் என்று. மாதா தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார். பேரம் நடந்தது தன் தலையை வைத்து என்பது மாமாவுக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது.

உறைத்த நேரம் அவருக்குக் கப்பலில் மின்வேலை கிடைத்திருந்தது.

"நேர்த்தியை விட்டிட்டுக் கடலுக்குப் போறியோ? தந்த உயிரை மாதா அங்கை வைச்சுத் திருப்பிக் கேட்டால் நான் என்ன செய்யிறது?" என்றார் அம்மா.

மாமா அடுத்தநாள் மன்னாருக்குப் போய் இரண்டு எலாம் மணிக்கூடுகளோடு திரும்பி வந்தார்.

எலாம் அடிக்கும்போது அந்த மணிக்கூட்டின் முதுகிலுள்ள சாவி தானாகச் சுழலும். அதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சாவிக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று தோன்றியது மாமாவுக்கு மட்டுந்தான். சாவியில் மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டினார். சாவி சுழல நூல் சுற்றி இறுகி ஓர் ஆணியைக் கழற்றியது. ஆணி கழன்றதும், வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளின் கொத்து ஒன்று தொப்பென்று விழுந்து சுவிச்சைக் கீழே இழுத்தது. செட்டுக்கு மின்சாரம் போனது, ஊசியின் கீழே இசைத்தட்டு சுழன்றது. பாட்டு முடிகிற நேரத்துக்கு இரண்டாவது மணிக்கூடு அதைவிடப் பெரிய கொத்தை விழுத்த, அது கப்பி வழியாகச் சுவிச்சை மேலே இழுத்து எல்லாவற்றையும் அணைத்தது. நான் வாய் மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முதல் வெள்ளோட்டம் ஊர் சிரிக்க முடிந்தது. மாமா ஆசை பொறுக்காமல் மத்தியானமே எல்லாவற்றையும் முறுக்கி வைத்துவிட்டார். பின்னேரம் ஐந்து மணிக்கு விடியல் பாட்டு முழங்கியது. கருவாடு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கள்ளுக் குடித்துவிட்டு வள்ளத்து நிழலில் தூங்கிய ஒருவர், விடிந்துவிட்டதென்று துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"உன்ரை மணிக்கூட்டுக்கு விடியிறதும் பொழுதுபடுறதும் ஒண்டாய்க் கிடக்கு. இதையோ மாதாட்டை ஒப்படைக்கப்போறாய்?" என்றார் அம்மா.

"அதின்ரை முகத்திலை பன்ரண்டு மணிதானே அக்கா கிடக்கு. பின்னேரம் ஐஞ்சு கழிஞ்ச பிறகு முறுக்கிவிட்டால் சரி."

வழக்கு, கோயிலின் சுவாமியாரிடம் போனது. மாமா எல்லாவற்றையும் திரும்ப முறுக்கி வைத்ததும் சுவாமியார் செட் இருந்த அறையைப் பூட்டித் திறப்பைத் தன் அங்கிக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் விடிய மாமா எல்லோருக்கும் முன்னால் கைகூப்பி முழங்காலில் நிற்க வேண்டும், மிச்சத்தை மாதாவே சொல்லட்டும் என்றார்.

கோயிலுக்குள் இரண்டு மெழுகுதிரிகள் மட்டும் எரிந்தன. மாமா கைகூப்பி முழங்காலில் நின்றார். பக்கத்தில் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மிசின் பாட வேண்டும் என்று கேட்டாரா, பாடக்கூடாது என்று கேட்டாரா தெரியாது. பூட்டிய அறைக்குள் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. செட்டின் வால்வுகள் சூடேறிச் சத்தம் வரச் சற்று நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பாட்டு வந்தது. முதலில் காற்றுப் போல, பிறகு குரல் போல, பிறகு ஊர் முழுக்க. அதன் முதல் அடியை ஒருவரும் கேட்கவில்லை. அது வேறெங்கோ பாடப்பட்டு, இரண்டாம் அடியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. மாமாவைப் பார்த்தேன். கூப்பிய கைகள் கூப்பியபடியே இருந்தன. ஒருவரும் தொடாமல் உலகத்தில் ஒரு காரியம் நடக்கிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அழுகையும் வந்தது. கதவுக்கு வெளியே வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் இன்னொரு தொப், பிறகு அமைதி. தொடங்கத் தெரிந்தது போலவே அதற்கு நிறுத்தவும் தெரிந்திருந்தது.

"மாதா வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றார் சுவாமியார். மாமா அந்தக் கிழமையே கப்பலுக்குப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு விடியலும் நான் பாயில் படுத்தபடியே, கேட்காத அந்த முதல் அடியை மெதுவாகப் பாடிக்கொண்டு மிச்சத்துக்குக் காத்திருப்பேன். எங்கள் கோயிலுக்கு ஆளே தேவையில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். அம்மா பின்னேரங்களில் செபமாலை சொல்லி முடித்துவிட்டு, தையல் மிசின் எண்ணெய்ப் போத்தலோடு கோயிலுக்குப் போய்வருவார். மழையிலும் போவார், காய்ச்சலோடும் போவார். மாதாவின் விளக்குக்கு எண்ணெய் விடுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு சின்னப் போத்தல் மாதாவுக்கு எப்படிக் காணும் என்ற சந்தேகம் மட்டும் இருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு மாமா விடுமுறையில் வந்தார். கப்பல் சாப்பாட்டில் கன்னம் உப்பியிருந்தது. பெட்டியைத் திறந்து, கைக்கு அடக்கமான ஒரு மின்சார நேரச் சுவிச்சை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

"அக்கா, இதுக்கு இருவத்துநாலு மணித்தியாலமும் தெரியும். இனி நீங்கள் ஒவ்வொரு பின்னேரமும் மணிக்கூடு முறுக்கி ஈயம் தூக்கத் தேவையில்லை."

நான் திடுக்கிட்டுப் போனேன். இவ்வளவு காலமும் முறுக்கியது அம்மாவா? என் அற்புதத்தை யாரோ பாதி விலைக்கு விற்றுவிட்டது போல எனக்குக் கோபம் வந்தது.

அம்மா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மெச்சினார், துணியில் சுற்றி அலுமாரிக்குள் தன் கலியாணச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அவர் மணிக்கூடுகளை முறுக்கினார். ஊசியைத் தட்டின் தொடக்கத்தில் வைத்தார். ஈயக்கொத்துகளை ஒவ்வொன்றாக இரண்டு கைகளாலும் தூக்கி ஆணிகளில் மாட்டினார்.

"புதுசு இருக்கேக்கை ஏனம்மா இதை முறுக்கிறியள்?"

"அது நல்ல சாமான்தான் பிள்ளை. ஆனா மாமா திரும்பக் கப்பலுக்கெல்லோ போறான். நேர்த்திக்கு ஒரு ஆளின்ரை கை படவேணும்."

புதுப் பெட்டிக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குப் புது மிசின் என்றால் பயம் என்று தீர்மானித்துக்கொண்டு, பெரிய மனுசி போல அவருக்காக இரக்கப்பட்டேன்.