விழித்திரையைத் தாங்குபவை

பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் என் கண்ணுக்குத் தனி மரியாதை இருந்தது. லேத்தில் கடைந்து வரும் பாகங்களின் விளிம்பில் மயிரிழை அளவு பிசிறு நின்றாலும் பிடித்துவிடுவேன். “அக்கா பாத்து ஓகே சொல்லிட்டா கஸ்டமர் வாயே தொறக்க மாட்டான்” என்று சூப்பர்வைசரே சொல்வார். அப்பேர்ப்பட்ட நான் ஒருநாள் என் மேஜையில் இருந்த ஸ்டீல் ஸ்கேல் வளைந்திருக்கிறது என்று ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினேன். வேறு கொடுத்தார்கள். அதுவும் நடுவில் நெளிந்தது. அடுத்ததும் அப்படியே இருந்தபோதுதான் கோளாறு ஸ்கேலில் இல்லை என்று எனக்கு உறைத்தது. அதற்குள் பட்டறை முழுக்கச் சிரித்து முடித்திருந்தார்கள்.

எனக்குச் சர்க்கரை பல வருடங்களாக உண்டு. கண்ணைக் காட்டிவிடலாம் என்று கணவர்தான் ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சொட்டு மருந்து விட்டார்கள், விழித்திரையைப் படம் எடுத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் இவர் எழுந்து தனியாக டாக்டர் அறைக்குள் போனார். நம் வீடுகளில் இது ஒரு வழக்கம். நோய் ஒருத்திக்கு வரும், அதைப் பற்றிய பேச்சு மற்றவர்களுக்குள் நடக்கும். நோயாளியின் காதுக்கு வரும்போது அது வடிகட்டி, சர்க்கரை போட்டு, ஆறிப்போய்த்தான் வரும்.

வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்ல. பவர் மாறியிருக்காம். கல்யாணம் முடியட்டும், புதுக் கண்ணாடி போட்டுக்கலாம்.”

எங்கள் ஒரே மகளின் கல்யாணத்துக்குச் சில மாதங்கள் இருந்தன. நானும் நிம்மதியாகப் புடவை எடுக்கக் கிளம்பிவிட்டேன். நாளுக்கு நாள் பார்வை மங்கியது. அதற்கும் பழைய கண்ணாடியைத்தான் திட்டினேன். இந்த மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கல்யாணம் முடிந்து திரும்பப் போனபோது வேறு டாக்டர் இருந்தார், சின்னப் பெண். இந்த முறை இவருக்கு முன்னால் நானே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தவர் கன்னடத்தில் கேட்டார்: “ஆவாகலே இஞ்செக்ஷன் தகோபேக்கு அந்த ஹேளித்வல்லா, யாக்கம்மா பர்லில்லா?”

அப்போதே ஊசி போட வேண்டும் என்று சொன்னோமே, ஏன் வரவில்லை. நான் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பிறகு டாக்டர் பாதிக் கன்னடம், பாதித் தமிழில் எனக்கே விளக்கினார். விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்களும் நரம்பு செல்களும் தனியாக வாழ்வதில்லையாம். கிளியல் செல்கள் என்று ஒரு கூட்டம் கூடவே இருக்கிறது. அதில் ஒரு வகை மேலிருந்து கீழ்வரை தூண் மாதிரி நின்று தாங்குகிறது, ஊட்டம் கொடுக்கிறது, கழிவை அகற்றுகிறது, தேங்கும் நீரை வெளியேற்றுகிறது. இன்னொரு வகை ரோந்து சுற்றும் காவல்காரர்கள். வருடக்கணக்காகச் சர்க்கரை ஏறிக் கிடந்தால் இவையே நிலைதடுமாறிப் போகின்றன. தூண்கள் வீங்கி, ஏதேதோ ரசாயனங்களைச் சுரக்க, ரத்தக்குழாய்கள் கசிகின்றன. காவல்காரர்கள் கலவரமாகி நல்ல செல்களையும் தாக்குகிறார்கள். விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. காலத்தில் ஊசி போட்டால் பெரும்பாலும் வற்றிவிடும். நாள்பட விட்டால் பார்க்கும் செல்கள் செத்து, அந்த இடத்தில் தழும்பு விழுந்துவிடும். எனக்கு வலது கண்ணில் விழுந்துவிட்டது. இடது கண்ணுக்கு இன்னும் வழி இருக்கிறது என்றார்.

“அதுங்க கெடுக்கணும்னு பண்ணல மா. காப்பாத்தத்தான் பாக்குது” என்று அந்தப் பெண் சமாதானம் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பாற்றுகிறவர்களைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்க நான் தயாராக இல்லை.

வரும் வழியெல்லாம் ஆட்டோவில் கத்தினேன். “என் கண்ணு அது! என்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?”

“கண்ணுல ஊசின்னா நீ பயந்து படுத்துடுவே. சம்பந்தி வீட்ல கேப்பாங்க. உன் நல்லதுக்குத்தான்…”

அதோடு நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு நான் எவ்வளவு திட்டினாலும் பதில் இல்லை. ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற ஆள், வாயே திறக்கவில்லை. இடது கண்ணுக்கு ஊசி ஆரம்பித்தது. பட்டறையில் என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும்போதெல்லாம் இவரை நினைத்து வயிறு எரிந்தது. துரோகி என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஓசூரிலிருந்து வந்தாள். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம், “உங்கப்பா பண்ண வேலையைப் பாத்தியா” என்று மறுபடி ஆரம்பித்தேன்.

“அப்பாவைத் திட்டாதம்மா” என்றாள். கத்தி நின்றது. “அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்தே எனக்கு போன் பண்ணாரு, உன்கிட்ட சொல்லிடலாம்னாரு. நான்தான் கல்யாணம் முடியட்டும்னேன்.”

நான் அடுப்பை அணைத்தேன்.

“கண்ணுல கட்டோட நீ மண்டபத்துல நிக்கறத என்னால நெனச்சே பாக்க முடியலம்மா. நீ கவலை இல்லாம, சந்தோஷமா என் கல்யாணத்தைப் பாக்கணும்னுதான்…”

கணவர் மேல் இருந்த கோபத்தில் ஒரு சூடாவது இருந்தது. இப்போது உடம்பே சில்லிட்டுப் போயிற்று. நான் பெற்றவள் என் பார்வைக்கு நாள் குறித்திருக்கிறாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

“தாலி கட்டறப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். பூ தெரிஞ்சுது, மாப்பிள்ளை கை தெரிஞ்சுது. நடுவுல உன் மூஞ்சி இருந்த எடத்துல வெறும் கலங்கல். ஹோமப் புகைன்னு நெனச்சு கண்ணத் தொடச்சு தொடச்சுப் பாத்தேன். உன் கல்யாணத்துல உன்னை நான் பாக்கவே இல்லடி.”