சிவப்பு மூடி போட்ட மூன்று டின்கள்

ஜேஜு தீவின் நம்வொன்னில் எங்கள் தொழிற்சாலையில் யாங் ஹேசூன் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நடந்தபடியேதான் முடிப்பார்.

"பசிக்குச் சாப்பிடுறீங்களா, செரிக்க நடக்குறீங்களா? ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்கக்கா" என்று சீண்டுவேன்.

"உக்காந்தா என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதுடி."

அது விளையாட்டுப் பேச்சில்லை. இளவயதில் பூசானில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் பசை தடவியவர். பசையைக் கரைக்க ஊற்றும் ஹெக்சேன் அவர் பாத நரம்புகளை அரித்துவிட்டது.

எண்ணெய் எடுக்கக்கூட ஹெக்சேன் ஊற்றாத இடம் என்றுதான் எங்களிடம் வேலைக்கு வந்தார். சாறு பிழிந்தபின் கழிக்கும் கமலா ஆரஞ்சுத் தோலை உலர்த்திப் பொடித்து எஃகு உருளையில் அடைப்போம். கரியமில வாயுவை, திரவம்போல் அடர்த்தியாகும்வரை அழுத்தி அதற்குள் விடுவோம். தோலின் சத்தை அது இழுத்துக்கொண்டு வரும். அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பிரிந்துவிடும், பொன்னிற எண்ணெய் மட்டும் சொட்டும். பிரிந்த வாயுவைப் பிடித்து மறுபடி ஓட்டுவோம். எண்ணெயில் வேறெதுவும் தங்காது. உருளையை ஓட்டுபவர் அக்கா. எண்ணெயை டின்னில் அடைப்பவள் நான்.

அந்த ஜனவரியில் சியோல் முகப்பூச்சுக் கம்பெனி ஒன்றுக்கு எட்டு டின் அனுப்ப வேண்டியிருந்தது. பம்பு பழுதாகி ஒன்பது நாள் வேலை நின்றது. ஐந்துதான் தேறியது. மேனேஜர் பியன் கிதே எங்கிருந்தோ சிவப்பு மூடி போட்ட மூன்று டின்களை இறக்கினார்.

"வேற ஆலையில எடுத்தது. முறை நம்ம முறைதான்" என்றார்.

அக்கா ஒன்றைத் திறந்து மோந்தார். சட்டென்று பின்வாங்கினார்.

"மேனேஜர், இது ஹெக்சேன்ல எடுத்தது."

"உங்க மூக்கு என்ன ஆய்வுக்கூடமாக்கா?"

நானும் மோந்தேன். ஆரஞ்சுதான் மணத்தது.

"திறந்த முதல் மூச்சுல மட்டும் வரும். அப்புறம் ஆரஞ்சு அமுக்கிடும்" என்றார் அக்கா.

அன்றே ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஜேஜு நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் ஆகும் என்றார்களாம். வண்டி புறப்பட மூன்றே நாள். அந்த மூன்று நாளும் அவர் நடந்த நடையில் எனக்குத் தலை சுற்றியது. மூடியைத் திறப்பார், மோப்பார், மூடுவார், வாசல்வரை போவார், திரும்பி வருவார். "ஒருவேளை எனக்குத்தான் பழைய பயமோ?" என்று என்னையே கேட்பார்.

வண்டி கிளம்பிய காலையில் அக்கா ஃபோனை எடுத்தார். நான் கையைப் பிடித்தேன்.

"வேணாங்க்கா. அத்தனை பேர் வேலையும் போயிடும்."

"அந்தப் பூச்சை முகத்துல பூசப்போறவங்களுக்குத் தெரியுமாடி?"

சியோலில் யாரோ எடுத்தார்கள். "சிவப்பு மூடி மூணையும் பரிசோதனைக்கு அனுப்புங்க" என்றார் அக்கா. யாரென்று கேட்டிருப்பார்கள்போல. "உருளை ஓட்டுறவ. யாங் ஹேசூன்." பேரையும் சொல்லிவிட்டார்! நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

எட்டு டின்னும் திரும்பி வந்தன. மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். தொழிற்சாலைக்குப் பூட்டு. நாங்கள் தோட்டங்களில் ஆரஞ்சு பறிக்கப் போனோம். அக்காவும் அங்கேயே வந்தார். "உத்தமி வந்துட்டா, கூடையை மோந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில நாள் கழித்து, மரத்தடியில் பரிசோதனைக் கடிதத்தை என் மடியில் போட்டார். ஹெக்சேன் இருந்தது, அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு.

"உங்க மூக்கு ஜெயிச்சிடுச்சே, இனிமேலாவது நிம்மதியா இருங்க" என்றேன்.

"எங்கடி நிம்மதி? நல்ல எண்ணெய் அஞ்சு டின்னும் சேர்ந்துல்ல போச்சு. அது நானே எடுத்தது."

அன்று அவர் கூடையையும் நானே சுமந்தேன்.

ஏப்ரலில் தொழிற்சாலையை மறுபடி திறக்க முதலாளியம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வெளியிலிருந்து வரும் எதுவும் பரிசோதனைத் தாள் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று அக்கா வாசலிலேயே நின்று பேசினார். முதலாளியம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சியோல்காரர்கள் அதன்பின் வரவேயில்லை. தேகுவில் சோப்பு செய்யும் ஒரு தம்பதிதான் ஒரே ஒரு டின் கேட்டார்கள்.

அந்த ஒரு டின்னுக்காக உருளையை மூடி அழுத்தம் ஏற்றினோம். அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறியது. "இன்னும் ஏறலையே, ஏறலையே" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார்.